ஒரு நாளில் ஒரு அடி

நாட்டுப்புற ஆட்டம் சொல்லிக்கொடுக்க அழைக்கிற பள்ளிகளில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "காலையில வந்தீங்கன்னா சாயந்திரத்துக்குள்ள மேடையில ஏத்துற மாதிரி ஒரு ஐட்டம் ரெடி பண்ணிடலாம்ல, மேடம்?" ஆண்டு விழா பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் கலைத் திருவிழா வரும். அவர்கள் அவசரம் புரிகிறது. ஆனால் நான் முடியாது என்று சொல்லிவிடுவேன். ஒரே நாளில் மேடைக்கு ஆட்டம் வேண்டுமென்றால், ஏற்கெனவே ஆடத் தெரிந்த எட்டுப் பேரைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து கை தட்ட வேண்டும். அதற்குப் பயிற்சிப் பட்டறை என்று பேர் வைக்க எனக்கு மனம் வராது. ஒரு நாள் கொடுத்தால் ஒரு அடி, அதாவது ஒரே ஒரு தாளக்கட்டு, சொல்லிக்கொடுப்பேன். வந்திருக்கிற அத்தனை பேருக்கும்.

போன ஆகஸ்டில் தேனிப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை ஒருவர் இதற்குச் சம்மதித்தார். பிளஸ் ஒன் பிள்ளைகள், சனிக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை. "மேடையே போடப்போறதில்ல மேடம், கிரவுண்டுதான்" என்று போனில் அவராகவே சொன்னதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

பிளஸ் ஒன் பிள்ளைகள் என்றால் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. சுற்றுவட்டாரத்து ஊர்களில் பத்தாவது முடித்துவிட்டு, புதுப் பள்ளி, புது குரூப் என்று வந்திருப்பார்கள். ஆகஸ்டு ஆகியும் பாதிப் பேருக்குப் பக்கத்து வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. பயாலஜி குரூப் ஒரு பக்கம், காமர்ஸ் ஒரு பக்கம், தொழிற்கல்விப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஒதுங்கி. 60 பேர் என்று சொல்லியிருந்தார்கள், 80-க்கு மேல் வந்திருந்தார்கள். பதினாறு வயதில் உடம்பைப் பற்றிய வெட்கம் உச்சத்தில் இருக்கும். கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

பாடம் மட்டும் நன்றாகவே தெரியும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'நிகழ்கலை' என்று ஒரு பாடம் இருக்கிறது. கரகாட்டம், மயிலாட்டம், காவடியாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், தப்பாட்டம், புலியாட்டம், தெருக்கூத்து என்று எல்லாம் அதில் வரும். "ஒயிலாட்டம்னா என்னப்பா?" என்று கேட்டேன். ஒரே நிறத் துணியைத் தலையில் முண்டாசாகக் கட்டி, காலில் சலங்கை அணிந்து, கையில் சிறுதுணியை வீசி ஆடுவது என்று முன்வரிசையில் நின்ற பெண் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "ஆடிப் பாத்திருக்கியா பாப்பா?" என்றேன். "இல்லக்கா, எக்ஸாமுக்கு எழுதியிருக்கேன்." கோயில் திருவிழாவில் பார்த்ததாக நாலைந்து பேர் கை தூக்கினார்கள். ஆடியவர்கள் யாரும் இல்லை. தேனி மாவட்டத்தில், ஒயிலாட்டம் இன்றைக்கும் நடக்கிற மண்ணில் இந்த நிலைமை. பாடத்தை எழுதியவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அதைக் காலுக்கும் சொல்லிக்கொடுக்கப் பள்ளியில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதல் முக்கால் மணி நேரம் ஆட்டமே கிடையாது. நடை மட்டும்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, வாலிபால் கோர்ட் மணலில் யார் மேலும் இடிக்காமல் இஷ்டத்துக்கு நடக்கச் சொன்னேன். நான் கை தட்டினால் நிற்க வேண்டும். அப்புறம் என்னோடு வந்திருந்த தம்பி தவிலில் மெதுவாக நாலு தட்டு போட, அந்த நாலுக்குள் நடை. பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து என்ன ஆகியிருக்கிறார்கள் என்று இந்த நடையிலேயே தெரிந்துவிடும். புத்தகப் பை சுமந்து தோள் முன்னால் வளைந்திருக்கும். பெண் பிள்ளைகள் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இருக்கிற இடத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். பையன்கள் சிலர் ஹீரோ மாதிரி தோளை அகட்டிக்கொண்டு வருவார்கள், பாதம் மட்டும் தரையில் முழுசாகப் படாது. நான் எதையும் திருத்தவில்லை. "முழுப் பாதத்தையும் வைங்க, மண்ணுக்குக் கேக்கணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் குரூப்பெல்லாம் கலந்து போயிருந்தது. நான் யாரையும் இடம் மாற்றி நிறுத்தவில்லை.

அடுத்தது ஒயிலாட்டம். சின்னச் சின்னதாகக் கிழித்துச் சாயம் போட்ட பருத்தித் துணி கொண்டுபோயிருந்தேன், ஆளுக்கு ஒன்று. பெண் பிள்ளைகள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். துணியை வீசுவது தோளிலிருந்து என்று எல்லோருமே நினைப்பார்கள். அப்படி வீசினால் பத்து நிமிடத்தில் கை கடுக்கும், துணியும் தாளத்துக்குப் பிந்தி வரும். மணிக்கட்டில் ஒரு சுண்டு சுண்டினால் போதும். துணி 'சடக்' என்று தாளத்தின் மேலேயே விழும். இந்த ஒரு விஷயத்துக்கே இருபது நிமிடம் ஆனது. எண்பது துணியும் ஒன்றாகச் சுண்டிய அந்தத் தடவை, பிள்ளைகள் தாங்களே ஆச்சரியப்பட்டு ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அப்போது நான் நிறுத்தவில்லை, சிரித்து முடிக்கட்டும் என்று விட்டேன்.

ஒயிலாட்டம் மெதுவாகத் தொடங்கி, ஏறி ஏறி வேகம் பிடிக்கிற ஆட்டம். பிள்ளைகளுக்கு வேகம்தான் வேண்டும். "அக்கா, ஸ்பீடா போடச் சொல்லுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் கஷ்டமெல்லாம் மெதுவான பகுதியில்தான். ஒரு காலைத் தூக்கினால் அடுத்த தட்டு வரும்வரை உடம்பு முழுக்க மற்ற காலில் நிற்க வேண்டும். வேகத்தில் தப்பு மறைந்துவிடும், மெதுவில் மறையாது. அதனால் சாப்பாட்டு நேரம் வரை மெதுவாகவே வைத்திருந்தேன். கடைசிக் கால் மணி நேரம்தான் வேகம் கொடுத்தேன்.

இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வரிசையாக நின்று முன்னால் போய்க்கொண்டே இருப்போம், திடீரென்று எல்லோரும் அரை வட்டம் சுற்றி எதிர்ப்பக்கம் திரும்புவோம். வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டிருந்தவர்கள் அந்த நொடியில் முதல் வரிசை. அவர்கள் பார்த்து ஆட முன்னால் யாருமே இல்லை. முதல் தடவை அந்த வரிசை அப்படியே கலைந்து போனது. தொழிற்கல்வி குரூப் பையன் ஒருவன் "அக்கா, திருப்பாதீங்கக்கா" என்று சத்தம் போட்டான். திருப்பத்தான் செய்தேன். ஐந்தாறு சுற்றுக்கு அப்புறம் இரண்டு பக்கமும் முன்பக்கம்தான் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தப் பையன் அதற்குப் பிறகு வரிசையின் ஓரத்தில் நின்று, பக்கத்தில் இருந்தவனுக்குக் கால் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்பதா என்று ஓர் ஆசிரியர் மெல்லக் கேட்டார். ஒயிலாட்டம் ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியதுதான். ஆனால் கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் அய்யா, வள்ளி–முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். அதற்கு முன்னால் அதுவும் ஆண்கள் ஆட்டம்தான். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது வயது 87. இன்றைக்குக் கொங்குப் பக்கம் வள்ளி கும்மி அரங்கேற்றங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். இதை அந்த ஆசிரியரிடம் தனியாகச் சொல்லாமல் பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். ஒரே வரிசையில்தான் நின்றார்கள், ஒரு குழப்பமும் வரவில்லை.

சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான், போதாததற்குச் சனிக்கிழமை வேறு. அதனால் எல்லோரும் டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு நெருப்பு மூட்டப் போனோம்.

மதியம் பறை. தோல் பறையைக் காய்ச்சாமல் அடித்தால் சத்தம் தொங்கிப் போய்விடும். வேப்பமரத்தில் மூன்று துண்டுகளாகச் செய்து, இரும்புத் தகடு வைத்து இணைத்த வட்டச் சட்டம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய மாட்டுத்தோல். வெயிலும் ஈரமும் மாற மாற அந்தத் தோல் தளரும், இறுகும். காய்ந்த ஓலையும் சருகும் கொளுத்தி அனலில் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமானால் கிழிந்துவிடும். இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது, நெருப்பு வேண்டாம். நான் கொண்டுபோயிருந்ததில் பாதி அதுதான். ஆனால் பிள்ளைகள் நெருப்பைப் பார்க்காமல் போகக்கூடாது என்பது என் பிடிவாதம். ஆகஸ்டில் தேனிப் பக்கம் அடிக்கிற காற்று தெரியும்தானே. தீப்பெட்டியில் பாதி காலி. கடைசியில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்சுவர் மறைவில்தான் பற்றியது. ஹெச்.எம். சார் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைக்கச் சொல்லிவிட்டு, அவரும் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

காய்ச்சுகிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தேன். ஆளுக்குக் கொஞ்ச நேரம், முறை வைத்து. காய்ச்சுவதற்கு முன்னால் தோலை விரலால் தட்டிக் கேட்க வேண்டும், காய்ச்சிய பிறகு மறுபடியும் தட்டிக் கேட்க வேண்டும். 'தொப்'பென்று இருந்தது 'ணங்'கென்று ஆகிற வித்தியாசத்தை எந்தப் பாடத்தாலும் சொல்லிவிட முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பறை என்றால் நம் ஊரில் சாதி வந்து நிற்கும். பயிற்சிக்கு முதல் நாள் இரவு ஒரு பெற்றோர் தமிழாசிரியைக்குப் போன் செய்து, தன் மகள் ஒயிலாட்டம் ஆடட்டும், அதை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பெண் யார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியவும் வேண்டாம் என்றேன். தெரிந்தால் என் கண் அவளையே தேடும்.

இதே மாதிரி, "உங்கள்ல யார் வீட்டுல பறை இருக்கு?" என்ற கேள்வியை நான் எந்தப் பள்ளியிலும் கேட்பதில்லை. அது ஒரு பிள்ளையை எண்பது பேர் நடுவில் எழுப்பி நிறுத்திச் சாதியைச் சொல்லவைக்கிற கேள்வி. கேட்கிறவர் நல்லெண்ணத்தில் கேட்கலாம். அந்தப் பிள்ளை அடுத்த இரண்டு வருடம் அதே வகுப்பில் உட்கார வேண்டும். பறை அடிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், குச்சியைப் பிடிக்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டேன். அவர்களாக முன்வந்தால் சந்தோஷம், வராவிட்டால் மற்றவர்களோடு ஒருவராக அடித்துவிட்டுப் போகட்டும். என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு விதிதான்: வண்டியிலிருந்து பறையை இறக்குவது, காய்ச்சுவது, தோளில் மாட்டுவது, முடிந்ததும் துடைத்து உறையில் போடுவது, எல்லாமே எல்லோரும் செய்ய வேண்டும். "அடிக்க மட்டும் வர்றேன், தூக்க மாட்டேன்" என்பது கிடையாது.

பையன்கள் சிலருக்குச் சாவு ஊர்வலத்தில் கேட்டதுதான் பறை. "சாவுக்குத்து போடுங்கக்கா" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, அதுவும் இந்தக் கருவியின் ஒரு முகம்தான். ஆனால் இதில் திருவிழாவைச் சாட்டுகிற சாமிச்சாட்டு அடி இருக்கிறது, சாமி சப்பரத்துக்குச் சப்பரத்து அடி இருக்கிறது, வாழ்த்தடி இருக்கிறது, சாமியாடும்போது அடிக்கிற மருள் அடி இருக்கிறது. ஒவ்வொன்றையும் அரை நிமிடம் வாசித்துக் காட்டினோம். அப்புறம் ஐந்திணைக் கருப்பொருளில் பறை என்னென்ன என்று கேட்டேன். கூட்டமாகச் சொன்னார்கள்: குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழா, நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. "இத்தனை நிலத்துக்கும் ஒவ்வொரு பறை வச்சு வாழ்ந்திருக்கோம், அப்ப சாவுக்கு மட்டும்னு யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் பேசினால் கூட்டத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடும். 1990-இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஊர் ஊராக ஆடியதையும், மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்ததையும் சொன்னேன். வேலு ஆசான் பெயரைச் சொன்னதும் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், வீடியோ பார்த்திருக்கிறார்களாம்.

எங்களிடம் இருந்தது இருபது பறை, பிள்ளைகள் எண்பது பேர். இந்தப் பற்றாக்குறை எனக்கு வசதிதான். ஏனென்றால் பறையை முதலில் வாயால்தான் கற்க வேண்டும். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி. தனித்தனியாக விழுந்தால் ஒவ்வொரு சொல், சேர்ந்து விழுந்தால் 'தீம்'. முதலில் வாயில் சொல், அப்புறம் தொடையில் கை, அப்புறம் பெஞ்சுப் பலகையில் குச்சி. கடைசியில்தான் தோல். வாயில் தடுமாறுகிற இடம் கையிலும் கட்டாயம் தடுமாறும். நாலு நாலு பேராகப் பிரித்தோம். ஒருவர் அடிக்க, மூன்று பேர் சொல் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கை மாற்ற வேண்டும். சொல்கிற மூன்று பேர் சரியாகச் சொன்னால்தான் அடிக்கிறவருக்குக் கை வரும் என்பதால் ஒருவரும் சும்மா நிற்க முடியவில்லை.

அடி பிடிபட்டதும் காலைச் சேர்த்தோம். இரண்டு எட்டு முன்னால், இரண்டு எட்டு பின்னால், ஒரு பக்கவாட்டுச் சாய்வு. அவ்வளவுதான். பறையைத் தோளில் மாட்டி இடது கையால் உடம்போடு அணைத்துக்கொண்டு ஆடும்போது, சத்தம் விலா எலும்பில் நேராக அதிரும். அதை முதல் தடவை உணர்கிற முகங்களைப் பார்க்கத்தான் நான் இத்தனை தூரம் பஸ் ஏறிப் போகிறேன். காலையில் முழங்கையை ஒட்டி வைத்து நடந்த பெண்கள் பலர், பறை மாட்டியதும் கையை விரிக்காமல் முடியாது என்பதால் விரித்தார்கள். விளையாட்டு ஆசிரியர் ஒரு ஓரமாக நின்று குச்சி இல்லாமலே கையை அசைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்.

எல்லோரும் ஒரே அடிதான் அடித்தார்கள். சிலருக்கு வந்தது, சிலருக்குப் பாதி வந்தது. சொல் சொல்வதோடு மட்டும் நின்றுகொண்ட பிள்ளைகள் சிலரும் இருந்தார்கள். வெட்கமா, வலியா, வீட்டில் சொன்னதா என்று நான் விசாரிக்கவில்லை. மூன்று பேருக்குக் கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

மூன்றரைக்கு வட்டமாக உட்கார்ந்து கேள்வி நேரம். "இதைப் படிக்க காலேஜ் இருக்கா?" என்று காமர்ஸ் குரூப் பெண் கேட்டாள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது, மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, கலைஞர்களுக்கு அரசின் நல வாரியம் இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் வாத்தியார்கள் பெரும்பாலும் ஊரில்தான் இருக்கிறார்கள், உன் ஊரில் ஒயிலாட்டம் ஆடிய தாத்தா யார் என்று முதலில் வீட்டில் போய்க் கேள் என்றும் சொன்னேன். அடுத்த கேள்வி, "அக்கா, உங்க வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?" ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா இப்போது வருகிறார், அப்பா இன்னும் வரவில்லை. அதை அப்படியே சொன்னேன். பிள்ளைகளிடம் இதில் பூசி மெழுகக் கூடாது.

நாங்கள் கிளம்பும்போது ஹெச்.எம். சார், "கலைத் திருவிழாவுக்கு இதுல ஒரு டீம் எடுத்துடலாமா?" என்று கேட்டார். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கிற அந்தத் திருவிழா நல்ல விஷயம், கிராமத்துப் பிள்ளைகள் மாநில மேடை வரை போயிருக்கிறார்கள். நான் சொன்னது இதுதான்: டீம் பிறகு எடுக்கலாம் சார், முதலில் வாரத்தில் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் கொடுங்கள். அதற்குள் யார் ஆடுவார்கள் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். தமிழாசிரியையும் விளையாட்டு ஆசிரியரும் பேசி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஃபைபர் பறைகளில் இரண்டையும் துணி மூட்டையையும் விளையாட்டுச் சாமான் அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். தவில் வாசித்த தம்பிக்குப் பெரியகுளம்தான் ஊர், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் நானும் ஒரு தடவை போக வேண்டும். அடுத்தது சாமிச்சாட்டு அடி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.